சோரகதையும் நல்வாய்மையும்

பிக்குகள் கூடியிருக்கும் இடத்தில் பேசத்தகாத பேச்சுகள் இவையிவை எனப் பகவான் புத்தர் பல சூத்திரங்களிலே ஒரு வரிசை கூறியிருக்கின்றார். அவ்வரிசையில் முதலில் நிற்பது அரசரைப் பற்றிய பேச்சு. அதற்கு அடுத்தபடியாகவே நிற்பது கள்வரைப் பற்றிய பேச்சு. பாலி மொழியில் அதற்குச் 'சோரகதை' என்று பெயர். உணவு, உடை, ஊர், உறவினர் பற்றிய வீண்பேச்சுகள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. வழிமறித்துக் கொல்லும் கொடியோரைப் பற்றி ஓயாது பேசுவதில் மனிதனுக்குள்ள விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு இவ்வரிசையே சான்றாகும்.

அன்று மரத்தடியிலும் சாவடியிலும் பேசப்பட்ட சோரகதை இன்று பத்திரிகையின் முதற்பக்கத்தில் அச்சேறுகின்றது. தொலைக்காட்சியில் இரவு பகலாக ஓடுகின்றது. கைபேசியின் வழியே சிறு பிள்ளைகளின் கண்முன்னும் வந்து நிற்கின்றது. கொடுங்கொலை புரிந்த ஒருவன் பிடிபட்டவுடன் அவன் முகம், பெயர், பிறந்த ஊர், உண்ட உணவு, உடுத்த உடை, கொன்ற முறை ஆகிய யாவும் நாள்தோறும் விரித்துரைக்கப்படுகின்றன. மாண்டவரோ ஓர் எண்ணாகச் சுருங்கி விடுகின்றனர். இது முறையா? முறையன்று எனில், கொடியவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது விடுதல் முறையாகுமா? நல்வாய்மையை எண்வகை நெறியின் ஓர் உறுப்பாகக் கொண்ட நாம் இவ்வினாவை ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் நிகழ்ந்தது

இவ்வினாவை ஒரு நாடு முழுவதும் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2019 ஆம் ஆண்டு மார்ச்சு 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர் பள்ளிவாசலிலும், லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஐம்பத்தொரு பேர் உயிர் இழந்தனர். கொலையாளி தன் உடலில் ஒளிப்படக் கருவியைப் பொருத்திக்கொண்டு, தான் செய்த கொடுமையைப் பதினேழு நிமிட நேரம் பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர், தன் வெறுப்புக் கொள்கையை விளக்கும் நீண்ட அறிக்கை ஒன்றையும் பலருக்கு அனுப்பியிருந்தான்.

அக்காட்சி நேரடியாக ஓடிய வேளையில் அதனைப் பார்த்தவர் இருநூறு பேருக்கும் குறைவு என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. ஆயினும் அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் அதே காட்சியின் படிகள் பதினைந்து இலட்சத்தைத் தான் நீக்க நேர்ந்ததாகவும் அந்நிறுவனமே கூறியது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொலையாளி மூட்டியது ஒரு சிறு தீ. அதனை ஊரூராகச் சுமந்து சென்றவர்கள் வேறு மனிதர்கள். அவர்களிற் பெரும்பாலோர் கையில் துப்பாக்கி ஏந்தியவரல்லர்; கையில் கைபேசி ஏந்தியவரே. "இந்தக் கொடுமையைப் பாருங்கள்" என்று அனுப்பியவரும் உண்டு. எனினும் அவ்வாறு அனுப்பப்பட வேண்டும் என்பதுதானே கொலையாளியின் விருப்பமும்?

மார்ச்சு 19 அன்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் அம்மையார் பேசினார். கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்றார். பறித்தவனின் பெயரைவிடப் பறிகொடுக்கப்பட்டோரின் பெயர்களைச் சொல்லுமாறு மக்களை வேண்டினார். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் நியூசிலாந்தின் பெரிய செய்தி நிறுவனங்கள் ஐந்து தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வழக்குச் செய்திகளை வெளியிடுவோம். ஆனால் கொலையாளியின் வெறுப்புக் கொள்கைக்கோ, அதன் சின்னங்களுக்கோ மேடை அமைத்துத் தரமாட்டோம் என்பது அதன் சாரம். தம்முள் போட்டியிட்டு வாழும் நிறுவனங்கள் இலாபத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஒரே வரம்பினை ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்க செயலாகும்.

இவ்வெச்சரிக்கை வீணன்று. 2011 ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று நார்வே நாட்டில் எழுபத்தேழு பேரைக் கொன்றவனைத் தான் பின்பற்றியதாகக் கிறைஸ்ட்சர்ச் கொலையாளி தன் அறிக்கையிலேயே எழுதியிருந்தான். 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பபலோ நகரில் கறுப்பின மக்கள் பத்துப் பேரைக் கொன்ற இளைஞன் கிறைஸ்ட்சர்ச் கொலையாளியைத் தன் வழிகாட்டியாகக் கொண்டான். அவனைப் போலவே கொலையை நேரடியாக ஒளிபரப்பவும் செய்தான். ஒன்றினின்று ஒன்று தோன்றும் என்னும் சார்பிற்றோற்றக் கொள்கைக்கு இதனினும் கொடியதோர் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. விதையைத் தூவியவன் ஒருவன். நீர் வார்த்தவர் பலர்.

மூன்று கேள்விகள்

மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமாரனுக்குப் பகவான் அருளிய சூத்திரம் ஒன்றுண்டு. எத்தகைய சொல்லைத் ததாகதர் சொல்வார், எத்தகைய சொல்லைச் சொல்லார் என்பது அதில் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றது. பொய்யான சொல்லை அவர் சொல்லார். மெய்யேயாயினும் நன்மை பயவாத சொல்லையும் சொல்லார். மெய்யும் நன்மையும் உடைய சொல்லையும் காலம் அறிந்தே சொல்வார். அது கேட்போர்க்கு இனியதாயினும் சரி, இன்னாததாயினும் சரி.

இன்றைய செய்தியாளர் பலர் முதற் கேள்வியோடு நின்று விடுகின்றனர். "நாங்கள் எழுதியது பொய்யா?" என்று கேட்கின்றனர். பொய்யன்று, மெய்தான். கொலைக்கருவி எவ்வாறு பெறப்பட்டது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதெல்லாம் மெய்யே. ஆனால் அம்மெய் எவருக்கு நன்மை பயக்கின்றது? எக்காலத்தில் சொல்லப்படுகின்றது? இவ்விரண்டு கேள்விகளையும் கேளாதவன் உண்மை பேசுபவனாயிருக்கலாம். நல்வாய்மை உடையவன் ஆகமாட்டான்.

காலம் அறியாத மெய் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை நம் நாடே கண்டது. 2008 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று தொடங்கி மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் மாண்டனர். தாக்கியோர் ஓட்டல்களுக்குள் ஒளிந்திருக்க, வெளியே பாதுகாப்புப் படையினரின் ஒவ்வோர் அசைவையும் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தன. கடல் கடந்து அமர்ந்து தாக்கியோரை ஏவிக்கொண்டிருந்தவர்களும் அவற்றைக் கண்டனர். 2012 இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த ஒளிபரப்பால் நாட்டுக்கு நன்மை எதுவும் விளையவில்லை என்றும், அது நிறுவனங்களின் வணிக நலனுக்காகவே நடந்தது என்றும் கண்டித்தது. இத்தகைய வேளைகளில் நேரடி ஒளிபரப்பைத் தடுக்கும் விதி 2015 இல் இயற்றப்பட்டது. சேதனையே கன்மம் என்பது புத்தர் வாக்கு. நீதிமன்றமும் அங்கே செயலின் பின்னிருந்த எண்ணத்தையே எடை போட்டது எனலாம்.

மௌனம் மட்டும் அறமாகுமா?

இதுகாறும் கூறியவற்றால், கொடியோரைப் பற்றிப் பேசாதிருத்தலே அறம் என்று எவரேனும் முடிவு செய்வாராயின் அது பிழையாகும். மௌனமும் சில வேளைகளில் அதிகாரம் படைத்தோர்க்கு அரணாக நின்றுவிடும்.

சென்னையை நடுங்கச் செய்த ஆட்டோ சங்கர் வழக்கை நம்மவர் அறிவர். மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அவன் தன் வரலாற்றை எழுதினான் என்றும், அதில் காவல்துறை முதலிய துறைகளின் அதிகாரிகள் சிலருக்குத் தன்னோடு இருந்த தொடர்பைக் குறிப்பிட்டான் என்றும் கூறப்பட்டது. அதனை வெளியிட முற்பட்ட 'நக்கீரன்' பத்திரிகையை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். 1994 இல் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகின்றது. தம்மைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடலாம் என்றும், அதற்கு அப்பால் ஒருவரது தனிவாழ்வில் அவர் இசைவின்றி நுழைதல் கூடாது என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. மானபங்கம் முதலிய கொடுமைகளுக்கு ஆளான பெண்டிரின் பெயரை வெளியிடலாகாது என்பதையும் அது வற்புறுத்தியது.

இதனால் அறிவது யாது? கொலையாளியின் வாயிலிருந்தும் சமூகம் அறியவேண்டிய உண்மை வெளிப்படலாம். அவனுக்குக் கருவி கொடுத்தவர் யார், கண்ணை மூடிக்கொண்டவர் யார், கைக்கூலி பெற்றவர் யார் என்று கேட்பது பத்திரிகையின் கடமை. அக்கேள்விகளைக் கேளாமல் அவன் முகத்தை மட்டும் பெரிதாக அச்சிடும் பத்திரிகை, அவனுக்குப் புகழும் அவனுக்கு உதவியோர்க்கு மறைவிடமும் ஒருங்கே தருகின்றது.

நியூசிலாந்து இதிலும் ஒரு வழி காட்டிற்று. கிறைஸ்ட்சர்ச் படுகொலையை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழு 2020 டிசம்பரில் ஏறத்தாழ எண்ணூறு பக்கம் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. கொலையாளியின் வளர்ப்பு, பயணங்கள், அவனுக்குத் துப்பாக்கி உரிமம் கிடைத்த வகை, அதிகாரிகள் செய்த பிழைகள் யாவும் அதில் ஆராயப்பட்டன. ஆயினும் அவன் பெயருக்குப் பதிலாக 'அந்நபர்' என்ற சொல்லே அதில் ஆளப்பட்டது. காரணங்களைப் பற்றி நிறைவான பேச்சு. பெயரைப் பற்றி மௌனம். வறியோர்க்குப் பொருள் அளியாத அரசனால் வறுமையும், வறுமையால் களவும், களவால் கொலையும் பெருகியதைச் சக்கவத்தி சீகநாத சூத்திரம் படிப்படியாக விளக்குகின்றது. அங்கும் பேசப்படுவது கள்வனின் வீரமன்று. களவு பிறந்த காரணம்.

குற்றவாளி என்று தீர்ப்பாகாதவன் நிலையையும் நினைத்தல் வேண்டும். நடிகர் நடிகையரைப் பற்றி வம்பு எழுதி வந்த 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்டார். தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பெற்றுத் தண்டனையும் பெற்றனர். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947 இல் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. ஊரெங்கும் அவர்களைப் பற்றிய பேச்சு. விடுதலைக்குப் பின் பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. நீதிமன்றம் விடுவித்தாலும் ஊர்வாய் விடுவிப்பதில்லை. கைது செய்யப்பட்ட மறுநாளே ஒருவனைக் 'கொலைகாரன்' என்று தலைப்பிடும் ஆசிரியர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

அங்குலிமாலரின் மூன்று பெயர்கள்

பௌத்தர்க்குக் கொடியோன் ஒருவனின் கதையைச் சொல்லும் முறையைக் கற்பிக்க அங்குலிமால சூத்திரம் ஒன்றே போதும். கோசல நாட்டில் ஊர்களைப் பாழாக்கிய கள்வன் அவன். கொன்றோரின் விரல்களை மாலையாக அணிந்ததால் மக்கள் அவனுக்கு 'அங்குலிமாலன்' என்று பெயரிட்டனர். அவன் செயலே அவன் பெயராயிற்று. இன்றைய பத்திரிகைகள் கொலையாளிகளுக்குச் சூட்டும் பட்டப்பெயர்களும் இத்தகையனவே.

அச்சூத்திரம் அவன் கொடுமையை மறைக்கவில்லை. நாற்பது பேர் திரண்டு சென்றாலும் அவன் கையில் மாண்டனர் என்று கூறுகின்றது. ஆயினும் எவ்வாறு கொன்றான், மாண்டவர் எவ்வாறு கதறினர் என்று விரிக்கவில்லை. சில வரிகளில் அதனைச் சொல்லி முடித்துவிட்டு, ஓடியவன் எவ்வாறு நின்றான் என்பதனையும், நின்றபின் அவன் என்ன ஆனான் என்பதனையும் பெரும்பகுதியாக உரைக்கின்றது.

அவனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரரோடு புறப்பட்ட பசேனதி மன்னன் வழியில் பகவானைக் காண வருகின்றான். அருகில் அமர்ந்திருக்கும் பிக்குவே அங்குலிமாலர் என்று அறிந்ததும் அரசன் உடல் நடுங்குகின்றது. அச்சம் தெளிந்தபின் அவன் கேட்பது என்ன? கொலைகளின் எண்ணிக்கையை அன்று. தங்கள் தந்தையின் குலம் யாது, தாயின் குலம் யாது என்று கேட்கின்றான். தந்தை கக்கர், தாய் மந்தானி என்று விடை வருகின்றது. அதுமுதல் அரசன் அவரை அவ்விருவரின் மைந்தராகவே விளித்துப் பேசுகின்றான். ஊர் சூட்டிய பெயரை நீக்கி, பெற்றோர் வழி வந்த பெயரை ஓர் அரசன் திருப்பித் தருகின்றான். பின்னர் அவர் தம் வாயாலேயே தம் பெயர் 'அகிம்சகன்' என்றும், முன்னர் அதற்குத் தகாதவராயிருந்து இன்றே தக்கவரானார் என்றும் கூறிக்கொள்கின்றார்.

இதனால் மாண்டோரின் துயர் மறக்கப்பட்டதோ எனில், இல்லை. சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர் மீது கல்லும் கழியும் விழுகின்றன. தலை உடைந்து, பாத்திரம் நொறுங்கி, இரத்தம் ஒழுகத் திரும்புகின்றார். தம் வினையின் பயனைப் பொறுத்துக்கொள்ளுமாறு பகவான் கூறுகின்றாரேயன்றி, எறிந்தவரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனம் மாறியவரிடத்தும் வினையின் கணக்கு நின்றது. அவரை அரக்கனாக்கும் பேச்சும் அங்கில்லை. வீரனாக்கும் பேச்சும் இல்லை. குற்றத்தை மழுப்பும் பேச்சும் இல்லை. ஒரு மனிதன் தீமை செய்தான், நின்றான், பயனை ஏற்றான் என்பதே கதை.

'மிருகம்', 'அரக்கன்' என்று தலைப்பிடும் பத்திரிகை தான் கொலையாளியை இழிவுபடுத்துவதாக எண்ணுகின்றது. புகழ்வெறி கொண்டவனுக்கு அதுவும் ஒரு மாலையே. அன்றியும் அரக்கன் என்று சொல்லிவிட்டால் அவன் நம்மினின்று வேறானவன் என்று நாம் ஆறுதல் அடைகின்றோம். அவனை ஆக்கிய வெறுப்பு நம் தெருவிலும் உண்டா என்று பார்ப்பதை விட்டுவிடுகின்றோம்.

செய்தியாளரும் படிப்போரும்

ஆகவே செய்தி வெளியிடுவோர்க்கு நாம் கூறத்தக்கவை சில. முதலாவது, பெயரும் முகமும் மக்களின் காவலுக்குத் தேவையாயின் வெளியிடுக. கொலையாளி தப்பி ஓடுகையில் அவை தேவை. பிடிபட்டபின் நாள்தோறும் அவற்றைக் காட்டவேண்டிய தேவை யாது? இரண்டாவது, கொன்ற முறையைப் பாடம் கற்பிப்பதுபோல் விவரித்தல் வேண்டா. மூன்றாவது, எத்தனை பேர் மாண்டனர் என்பதைப் பந்தய ஓட்டத்தின் கணக்கைப் போல முந்தைய கொலைகளோடு ஒப்பிட்டுத் தலைப்பிடல் வேண்டா; அது விரல்மாலையை நாமும் சேர்ந்து தொடுப்பதாகும். நான்காவது, குற்றவாளியைப் பெற்றவள் வீட்டு வாயிலில் ஒளிப்படக் கருவியோடு கூடுதல் வேண்டா. மந்தானியும் ஒரு தாய் அன்றோ? ஐந்தாவது, மாண்டோரையும் காத்தோரையும் அவர்தம் குடும்பத்தாரின் இசைவோடு முன்னே நிறுத்துக.

இறுதியிற் கூறிய இதனைக் கிறைஸ்ட்சர்ச் மக்கள் செய்து காட்டினர். 2020 ஆகஸ்டு மாதத்தில் தண்டனை விசாரணை நடந்தபோது, ஏறத்தாழத் தொண்ணூறு பேர் தம் இழப்பையும் துயரையும் நீதிமன்றத்துக்கு எடுத்துரைத்தனர். உலகெல்லாம் தன் சொல்லைக் கேட்க வேண்டும் என்று விரும்பியவன் வாய் திறவாது அமர்ந்திருந்தான். விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. அல் நூர் பள்ளிவாசலில் கொலையாளி மீது வெறுங்கையோடு பாய்ந்து உயிர் நீத்த நயீம் ரஷீத், லின்வுட்டில் கைக்கெட்டிய பொருளை வீசி அவனைத் துரத்திய அப்துல் அஜீஸ் ஆகிய இருவருக்கும் 2022 இல் அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அளிக்கப்பெற்றது. அந்நிகழ்ச்சியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஏதேனும் சொல்ல நேர்ந்தால் இவ்விரண்டு பெயர்களையே சொல்வோமாக.

செய்தியாளரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. வாங்குவோர் இன்றி விற்போர் இல்லை. கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்படும் கள்வனை மாடத்திலிருந்து கண்டு காதல் கொண்டு, பின்னர் அவனாலேயே உயிருக்கு இடர் வரப்பெற்ற பத்திரையின் கதை நம் முன்னோர் அறிந்ததே. பிற்காலத்தில் பிக்குணியாகிச் சிறந்த அவள் வரலாற்றைத் தமிழில் நாதகுத்தனார் 'குண்டலகேசி' என்னும் காப்பியமாக இயற்றினார். அந்த மாடம் இன்று வீட்டுக்கு வீடு இருக்கின்றது. நாம் அதில் நின்று எதனைப் பார்க்கின்றோம்?

உயிர்களுக்கு உணவு நான்கு என்று பகவான் கூறினார். வாயால் உண்பது ஒன்று. புலன்களின் தொடர்பால் உள்ளே புகும் 'பஸ்ஸம்' மற்றொன்று. அவ்வுணவை அவர் தோலுரிக்கப்பட்ட பசுவுக்கு ஒப்பிட்டார். அது எங்கே நின்றாலும் அங்குள்ள ஈயும் புழுவும் அதன் ஊனைக் கடிக்கும். காப்பில்லாத கண்ணும் காதும் அத்தகையவை. காலையில் எழுந்தவுடன் கொலைச் செய்தியை உண்பவன் அன்று முழுதும் அச்சத்தையும் வெறுப்பையுமே செரித்துக் கொண்டிருப்பான்.

1907 இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பத்திரிகை என்பது மக்களை உயர்த்தும் கருவி என்று நம்பியவர் வழியில் வந்தவர் நாம். எனவே ஒரு கொலைச் செய்தி கைக்கு வரும்போது, அதனை அடுத்தவர்க்கு அனுப்புமுன் உபாசகர் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வாராக: இது மெய்யா? இதனால் எவருக்கேனும் நன்மை உண்டா? இதனைச் சொல்லும் காலம் இதுவா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வருமாயின் தயங்காது சொல்லுக. அது எவ்வளவு கசப்பான செய்தியாயினும் சரி. ஒன்றுக்கேனும் இல்லை என்று விடை வருமாயின், அச்செய்தி நம்மோடு நிற்கட்டும்.

எல்லா உயிர்களும் பகையின்றி, அச்சமின்றி வாழ்க.